வெடி கொளுத்துமுன் பக்கத்து வீட்டுக்கு ஒரு வார்த்தை

லண்டனில் அக்டோபர் கடைசி வந்துவிட்டால், என்னிடம் வரும் நம் ஆட்கள் சிலர் ஒரே மாதிரியான முறைப்பாடுகளோடு வருவார்கள். நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, பிரஷர் கூடிவிட்டது. சோதித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. "இரவில் வெடிச் சத்தம் கேட்கிறதா?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். "வெடிதான் எண்டு தெரியும் டொக்டர். ஆனா அந்த விசில் சத்தம் வரேக்க உடம்பு தானாக் குனியுது" என்றார் ஒருவர். இலங்கைப் போரில் வன்னியில் கூவிக்கொண்டு வந்து விழுந்த ஷெல்லையும் தோட்டத்திலிருந்து மேலே போகும் ராக்கெட்டையும் அவருடைய உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. போர் முடிந்தது 2009இல்.

1605இல் பார்லிமென்டுக்குக் கீழே வெடிமருந்துப் பீப்பாய்களோடு கை ஃபோக்ஸ் பிடிபட்டதை நினைத்து, நவம்பர் 5இல் இங்கே விறகு குவித்துக் கொளுத்தி வாணம் விடுவார்கள். தீபாவளியும் பெரும்பாலும் அதையொட்டி வருவதால் சில வாரங்களுக்குச் சத்தம் ஓயாது.

எனக்கு இந்தக் கொண்டாட்டம் பிடிக்கும். குளிரில் நெருப்பைச் சுற்றி அயலவர் கூடி நிற்பதும், இங்கே பிறந்த பிள்ளைகள் கம்பி மத்தாப்பால் இருட்டில் தங்கள் பெயரை எழுதிப் பார்ப்பதும் அழகு. அந்தப் பிள்ளைகளுக்கு வெடி என்றால் சந்தோஷம், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அதே வீட்டில் அப்பம்மா குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பதையும் நான் கேட்டிருக்கிறேன்.

அதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். சத்தம் கேட்டவுடன் விழுந்து படுத்தவர்கள்தான் அன்று தப்பினார்கள். உடம்பு அந்தப் பாடத்தை இன்னும் வைத்திருக்கிறது, யோசிக்குமுன்பே வேலை செய்கிறது. சத்தத்தின் அளவைவிட, அது எப்போது வரும் என்று தெரியாததுதான் பலரை வதைக்கிறது. பூங்காவில் ஏழு மணிக்கு வாணவேடிக்கை என்று தெரிந்தால் சமாளித்துவிடுவார்கள். ஒரு சாதாரண நாள் இரவில், தெருமுனையில் திடீரென்று கேட்கும் ஒற்றை வெடி அந்த வாரத்தின் நித்திரையையே கெடுத்துவிடும்.

இங்கிலாந்தில் இரவு 11 மணிக்குப் பிறகு வெடி கொளுத்தக் கூடாது. நவம்பர் 5இல் நள்ளிரவு வரையும், தீபாவளியன்று 1 மணி வரையும் சலுகை உண்டு. சலுகை இருக்கிறதே என்று 1 மணி வரை இழுக்க வேண்டாம், ஒன்பதோடு முடித்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். முதல்நாளே பக்கத்து வீடுகளுக்கு நேரத்தைச் சொல்லுங்கள். சத்தம் குறைந்த வாணங்கள் கடைகளில் கிடைக்கின்றன.

பயம் வருகிறவர்கள் அன்று மாலை தனியே இருக்க வேண்டாம். சத்தம் தொடங்குமுன் திரைச்சீலையை மூடி, பாட்டையோ டிவியையோ போட்டுவிடுங்கள். உடம்பு தூக்கிப்போட்டால் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, "நான் லண்டனில் இருக்கிறேன், இது வாணம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நித்திரைக்காக மது குடிக்க வேண்டாம், அது பிறகு நித்திரையைக் குழப்பும். வீட்டில் இருப்பவர்கள், "இதுக்குப் போய்ப் பயப்பிடுறதா?" என்று கேட்காமல் பக்கத்தில் இருந்தாலே போதும். ஒன்று முக்கியம்: நெஞ்சு இறுக்கி வலித்தால் பயம்தான் என்று முடிவு கட்டாமல் அவசர உதவி எண் 999ஐ அழையுங்கள்.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. மனவடுவுக்கான சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை), இஎம்டிஆர் (கண் அசைவைப் பயன்படுத்தும் சிகிச்சை) ஆகியவை பல வருடம் கழித்தும் பலருக்குப் பலன் தருகின்றன. அரச மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸின் டோக்கிங் தெரபீஸ் என்ற பேச்சுச் சிகிச்சைச் சேவைக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பாளருக்குக் காசு இல்லை. ஊர்க்காரர் யாராவது மொழிபெயர்க்க வந்துவிடுவாரோ, கதை வெளியே போய்விடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்கள். அப்படியும் மனம் ஒப்பாவிட்டால், தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு கேளுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கலாம். அதனால் அடுத்த அக்டோபர் வரை தள்ளிப்போடாமல் இப்போதே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.