இடவப்பாதிக்கு முன்னால் புதுக் கூட்டுக்குத் தீனி

ஆடி மாதம் பிறந்தால் தேனீ வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். “சார், பெட்டி காலி. ஈ ஒண்ணுகூட இல்ல. பக்கத்துத் தோட்டத்துல யாரோ மருந்து அடிச்சிட்டாங்க போல.” குமரி மாவட்டத்தில் அருமனை, களியல், குலசேகரம், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளறடை என்று எங்கிருந்து பேசினாலும் நான் முதலில் கேட்பது, மெழுகு அடைகளின் மேல் ஓரத்தில் தேன் இருக்கிறதா என்றுதான். அநேகமாக இருக்காது. மருந்து பட்ட கூடு என்றால் வாசலைச் சுற்றி ஈக்கள் குவியலாகச் செத்துக் கிடக்கும். சுத்தமாகக் காலியாகிக் கிடக்கும் பெட்டியில் இருந்த கூட்டம், பெரும்பாலும் பசி தாங்காமல் கிளம்பிப் போயிருக்கும்.

நம் பெட்டிகளில் இருப்பது இந்தியத் தேனீ. அதன் குணமே அப்படி. தீனி வரவு நின்றால் ராணி முட்டையிடுவதைக் குறைக்கும், பிறகு நிறுத்திவிடும். கடைசிப் புழுக்கள் ஈக்களாகி வெளியே வரும்வரை கூட்டம் காத்திருக்கும். அப்புறம் ஒருநாள் மழை விட்ட வேளையில் மொத்தமாகப் பறந்துவிடும். முட்டை ஈயாவதற்கு ஏறக்குறைய 3 வாரம் ஆகும். ஆக, பெட்டி காலியாவதற்கு வெகு முன்பே அது நமக்குச் சொல்லிவிடுகிறது. அடை கட்டிய சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அறைகளின் அடியில் முட்டை இல்லை, சிறு புழுவும் இல்லை என்றால் அன்றைக்கே சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும்.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் பலர் இணையத்தில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “குளிர்காலத்துக்கு முன்னால 2 பங்கு சர்க்கரை, 1 பங்கு தண்ணீர்னு சொல்றாங்களே?” என்று கேட்கிறார்கள். அங்கே அது சரிதான். பனி கொட்டும் ஊர்களில் ஈக்கள் ராணியைச் சுற்றித் திரண்டு, சேமித்த தேனைத் தின்று, உடம்பை அதிரவைத்துச் சூடு உண்டாக்கிக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஒரு கூட்டுக்கு 20 கிலோவுக்கு மேல்கூட இருப்பு தேவைப்படும். அதனால் இலையுதிர் காலத்திலேயே கெட்டிப் பாகைக் கொடுத்துக் களஞ்சியத்தை நிரப்பிவிடுகிறார்கள்.

நம் ஈக்களுக்குக் குளிர்காலம் என்றால் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவ மழைதான். ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை பஞ்சம். சூடு குறைவதில்லை, அதனால் கூட்டில் குஞ்சு வளர்ப்பும் தொடர்ந்து நடந்தாக வேண்டும். வெளியே போக மழை விடாது, போனாலும் மதுரம் (ஈக்கள் தேனாக்கும் இனிப்பு நீர்) கழுவிப் போயிருக்கும். இங்கே ஒரே தடவையில் நிரப்பி மூடிவிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் கொடுத்து, வரவு இருக்கிறது என்ற நம்பிக்கையை ராணிக்கும் வேலைக்கார ஈக்களுக்கும் தர வேண்டும்.

இதில் அதிகம் அடிபடுவது புதுக் கூடுதான். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை நமக்கு அறுவடைக் காலம். துளிர் இலைக் காம்பின் நுனியில் சுரக்கும் மதுரம்தான் நம் தேனில் பெரும்பகுதி. அறுவடை முடிந்ததும், ஏப்ரலிலும் மே மாதத்திலும், பெட்டிகள் விலைக்கு வரும். புதியவர்கள் வாங்குவதும் அப்போதுதான். தேன் எடுத்த கூடு, பாதி கட்டிய அடை, குறைந்த ஈக்கள், முன்னால் 4 மாத மழை. வாங்குபவருக்கு இதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. என் கருத்தைக் கேட்டால், முதல்முறை பெட்டி வாங்குகிறவர்கள் அக்டோபர், நவம்பர் வரை பொறுத்திருங்கள், அப்போது கூடு வளரும் காலம். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் மேலே படியுங்கள்.

மே நடுவில் பாகு தொடங்கிவிட வேண்டும். மழை பிடித்த பிறகு தொடங்கினால் காற்றில் ஈரம் அதிகம். ஈக்கள் பாகை வற்றவைத்து மூடுவதற்குள் அது புளித்துவிடும். மழைக்கு முந்தின வெயில் நாட்களில் அவை மெழுகு சுரந்து அடையையும் கட்டி முடித்துவிடும்.

1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, 1 கிலோ வெள்ளைச் சர்க்கரையைப் போட்டுக் கரைத்து ஆறவிடுங்கள். சர்க்கரை போட்ட பிறகு அடுப்பில் வைக்க வேண்டாம். அடிபிடித்துக் கருகிய பாகு ஈக்களுக்கு ஆகாது. ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகக் கிடைக்கும். நாலு சட்டத்தில் ஈ மொய்க்கும் புதுக் கூட்டுக்கு ஒரு தடவைக்கு 200 மில்லி போதும், வாரம் இரண்டு தடவை. அளவை மறந்துவிட்டாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: மாலையில் வைத்தது காலையில் தீர்ந்திருக்க வேண்டும். மீதமிருந்தால் அடுத்த தடவை குறையுங்கள். அதிகம் ஊற்றினால் ராணி முட்டையிட வேண்டிய அறைகளையும் பாகு நிரப்பிவிடும்.

பாகு வைக்க நம் ஊர்ச் சிரட்டையைவிட நல்ல பாத்திரம் இல்லை. அதில் ஓலை ஈர்க்கிலை ஒடித்துப் போட்டு மிதக்கவிடுங்கள். ஈக்கள் அதில் நின்று குடிக்கும், மூழ்கிச் சாகாது. சிரட்டை பெட்டிக்குள்ளேதான் இருக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு தட்டில் ஊற்றிப் பொதுவாக வைப்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பலமான கூடுகள் அதில் ருசி கண்டு, மெலிந்த கூட்டுக்குள்ளும் புகுந்து கொள்ளையடிக்கும். பகலில் வைத்தாலும், வாசலில் சிந்தினாலும் இதே கதைதான். பொழுது சாய்ந்து ஈக்கள் அடங்கிய பிறகு வைத்து, வாசலை ஒன்றிரண்டு ஈ போகும் அளவுக்குக் குறுக்கிவிடுங்கள். பெட்டிக் காலடியில் உள்ள தண்ணீர்க் கிண்ணங்கள் வற்றாமல் இருக்கட்டும். பாகு வாசம் எறும்பை இழுத்துவிடும், எறும்பு ஏறிய கூடும் பறந்துவிடும்.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியோ வெல்லமோ போடலாமா என்று எல்லாப் பயிற்சியிலும் ஒருவர் கேட்பார். நமக்கு அது சத்து, ஈக்கு வயிற்றுப்போக்கு. கடையிலோ இன்னொருவரிடமோ வாங்கிய தேனையும் கொடுக்கக் கூடாது, அதில் நோய் வரலாம். 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் நம் மாவட்டத்திலும் கூடுகளை அழித்ததைப் பழைய வளர்ப்பாளர்கள் இன்றும் சொல்வார்கள். பெட்டி பெட்டியாகப் போனது. அதற்குப் பயந்தாவது அடுத்தவர் தேனும் அடுத்தவர் அடையும் நம் கூட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை சக்தி தரும், ஆனால் புழுவை வளர்ப்பது மகரந்தம். ரப்பர் மதுரத்தை வாரித் தரும், மகரந்தம் சொற்பம். ரப்பர் மட்டும் உள்ள தோட்டத்தில் மழைக்காலக் கூடு மெலிவதற்கு இதுவும் ஒரு காரணம். தென்னை வருடம் முழுக்கப் பூப்பதால் தென்னை சூழ்ந்த வீட்டுப் பக்கம் பெட்டியை வைப்பது நல்லது. வேலியில் கொடிரோஜாவை ஏற்றிவிடுங்கள். தொட்டாற்சிணுங்கியை முழுதாகச் செதுக்கி எறியாதீர்கள், மழை இடைவெளியில் ஈக்கள் அதில்தான் மகரந்தம் எடுக்கும்.

ஈக்கள் மொய்க்காத சட்டங்களை எடுத்துவிட்டுத் தடுப்புப் பலகையைப் போட்டுக் கூட்டைச் சுருக்குங்கள். ஆளில்லாத கறுத்த அடையில்தான் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும்.

பாகை எப்போது நிறுத்துவது என்பதில் நான் கறாராக இருப்பேன். டிசம்பர் பிறந்ததும் நிறுத்திவிடுங்கள். தேன் அறை (அறுவடைத் தேனுக்கான மேல் அறை) ஏற்றிய பிறகு ஒரு சொட்டுப் பாகுகூடக் கூடாது. பாகு சேர்ந்த சட்டம் தேன் அறைக்கு ஏறவும் கூடாது. ஈ தின்று வைத்தாலும் சர்க்கரைப் பாகு தேனாகாது. கரும்புச் சர்க்கரையின் கார்பன் அடையாளம் வேறு, ஆய்வகத்தில் தெரிந்துவிடும். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒருவர் டப்பாவில் கலந்த பாகு எல்லோருடைய தேனின் பெயரையும் கெடுத்துவிடும்.

இதைப் படிக்கும்போதே ஆடி வந்துவிட்டது, கூட்டில் இரண்டு சட்டத்துக்குக்கூட ஈ இல்லை என்றால் பாகை மட்டும் நம்பாதீர்கள். அதைப் பக்கத்தில் உள்ள நல்ல கூட்டோடு சேர்த்துவிடுங்கள். மெலிந்த கூட்டின் ராணியை முந்தின நாளே எடுத்துவிட வேண்டும். மாலையில் பலமான பெட்டிமேல் செய்தித்தாளை விரித்து, ஊசியால் சில துளைகள் இட்டு, அதன்மேல் மெலிந்த கூட்டின் அறையை வையுங்கள். இரண்டு பக்கத்து ஈக்களும் தாளைக் கடித்துக் கிழிப்பதற்குள் வாசம் கலந்திருக்கும், சண்டை வராது. நவம்பரில் அதே கூட்டைப் பிரித்து மறுபடி இரண்டு பெட்டி ஆக்கிக்கொள்ளலாம்.