வளர்ப்பு நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்து ஏன் தீரக்கூடாது

பிரிட்டனில் வீடுகளிலும் பள்ளி வகுப்பறைகளிலும் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பெருநத்தை. 1847இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நம் ஊர்ப் பப்பாளித் தோட்டங்களில் மழை விட்டதும் படையெடுக்கும் அதே இனம்தான். இலை தழையைப் போட்டால் தானாக வளரும் என்று நினைத்து வாங்குபவர்கள் அதிகம். உடல் வளர்ந்துவிடும், ஓடுதான் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறும்.

ஓட்டின் வாய்க்கு உள்பக்கத்தில் மேலுறை என்ற சதை மடிப்பு ஒட்டியிருக்கிறது. ஓடு முழுக்க அதன் வேலைப்பாடுதான். முதலில் மெல்லிய புரதத் தோலை விரிக்கும். அதன் உள்பக்கத்தில் கால்சியம் கார்பனேட் படிகங்களை அடுக்கும். எனவே ஓடு நீள்வது வாய் விளிம்பில் மட்டுமே. அங்கே வெளிறிய, நகம் பட்டால் வளையும் ஒரு புதுப்பட்டை தெரிந்தால் நத்தை நன்றாக வளர்கிறது என்று பொருள். அந்தப் பட்டை இறுகாமல் காகிதம்போல நைந்து உதிர்ந்தால் சத்து போதவில்லை. ஓட்டின் உச்சியில் வெள்ளை வெள்ளையாகக் குழி விழுந்திருந்தால் தொட்டியிலுள்ள மற்ற நத்தைகளையும் கவனியுங்கள். சுண்ணாம்புச் சத்து கிடைக்காத நத்தை, அரம் போன்ற தன் நாக்கால் பக்கத்து நத்தையின் ஓட்டையே சுரண்டித் தின்னும்.

மருந்து எளிது: கணவாய் ஓடு. பறவைத் தீனிக் கடையிலும், 'கடல் நுரை' என்ற பெயரில் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். உப்பு போக இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் காயவிட்டு, துண்டாகவே தொட்டியில் போட்டு வையுங்கள். வேண்டியபோது வேண்டியதைச் சுரண்டிக்கொள்ளும். முட்டை ஓட்டைப் 10 நிமிடம் கொதிக்கவிட்டுக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துக் காய்த்துண்டின் மேல் தூவலாம். வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். அது கடுங்காரம், ஈரமான உடலை வெந்துபோகச் செய்யும்.

தீனியில் பூசணி, கேரட், சர்க்கரைவள்ளி, லெட்யூஸ், பப்பாளி எல்லாம் நல்லவை. வெள்ளரி என்றால் நத்தைக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அதில் முக்கால்வாசிக்கு மேல் வெறும் தண்ணீர். தினம் கொடுத்துப் பழக்கினால் வேறெதையும் தொடாது. பாலக்கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. வாரம் ஒருமுறை அவித்த முட்டை ஒரு சிட்டிகை போதும். புரதம் மிஞ்சினால் உடல் ஓட்டை முந்திக்கொண்டு வளரும். கருவாடு, சமைத்த மிச்சம் எதுவும் வேண்டாம். உப்பு நத்தையின் உடல் நீரை வெளியே இழுத்துக் கொன்றுவிடும்.

இதே உப்பு வேறு வழியிலும் வரும். தொட்டியின் அடியில் பரப்பும் தென்னைநார்க் கழிவு, உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருக்கலாம். மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு சொட்டு வடிய வேண்டும், அதுதான் சரியான ஈரம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

ஈரம் குறைந்தால் நத்தை உள்ளே போய், வாயில் வெள்ளைச் சவ்வு கட்டி அடைத்துக்கொள்ளும். சவ்வைப் பிய்க்கக்கூடாது. தட்டில் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் வைத்தால் தானே வெளியே வரும். மேலுறை ஓட்டின் விளிம்பை விட்டுக் கழன்று உள்ளே சுருங்கியிருந்தால் அது வேறு விஷயம்: மிக ஆபத்தானது, பிழைப்பது அரிது. நத்தைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

ஓடு உடைவதற்குப் பெரும்பாலும் நாம் வைத்த பொருளே காரணம். மூடியில் தலைகீழாக ஊரும் நத்தை பீங்கான் கிண்ணத்தின் மேல் விழுந்தால் தெறிக்கும். கல், பீங்கான் எதையும் உள்ளே வைக்காதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தையை ஓட்டைப் பிடித்து இழுத்தாலும் மேலுறை கிழியும். விரலை நனைத்து அதன் தலைப்பக்கமாக அடியில் மெல்ல நுழைத்து எடுங்கள். விளிம்பில் விழுந்த சில்லு சில வாரங்களில் அடைந்துவிடும். நடு ஓட்டில் துளை என்றால், முட்டை ஓட்டின் உள்சவ்வை ஈரத்தோடு மேலே ஒட்டி வைத்தால் உள்ளிருந்து புதுப்படலம் வளரும்வரை காக்கும்.

தோட்டத்து நத்தையைப் பிடித்து வந்து வளர்க்காதீர்கள். மூளையைத் தாக்கும் எலி நுரையீரல் புழு அதில் இருக்கலாம். எந்த நத்தையைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளையும் கழுவவையுங்கள்.

ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் முட்டை வரும். ஒவ்வொன்றின் ஓட்டுக்கும் தாயின் கால்சியம்தான் செலவாகும். அந்த நாட்களில் கணவாய் ஓடு வேகமாகக் கரையும், பார்த்துப் புதிது வையுங்கள். வேண்டாத முட்டைகளை 48 மணி நேரம் ஃப்ரீசரில் உறையவைத்த பிறகே வெளியே போடுங்கள். 1966இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மயாமிக்குக் கொண்டுவந்த மூன்று நத்தைகள் தோட்டத்தில் விடப்பட்டன. ஏழே ஆண்டுகளில் அங்கே 18,000க்கும் மேல் பிடிபட்டன.