கம்ப்ளையன்ஸ் ஹெட் போஸ்ட் தர்றாங்களா? லெட்டர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிங்க

சென்னையில ஃபைனான்ஸ் கம்பெனிகள்ல சேல்ஸ், கலெக்‌ஷன் பக்கம் மேல் லெவல்ல லேடீஸைத் தேடித்தான் பிடிக்கணும். ஆனா கம்ப்ளையன்ஸ் (கம்பெனி சட்டத்தையும் ஆர்பிஐ விதிகளையும் ஒழுங்கா கடைப்பிடிக்குதான்னு பாக்கற வேலை), செக்ரட்டேரியல், ஆடிட் பக்கம் வந்தா வரிசையா உக்காந்திருப்போம். ஏன்னு கேட்டா "டார்கெட் கிடையாது, ஊர் ஊரா அலைய வேண்டாம், சாயங்காலம் நேரத்துக்கு வீட்டுக்குப் போயிடலாம், லேடீஸுக்கு ஏத்த வேலை"ன்னு சொல்லுவாங்க. இப்படி சொல்றவங்க ஆர்பிஐ இன்ஸ்பெக்‌ஷன் டீம் ஆபீஸ்ல இருக்கிற வாரத்துல ஒரு நாள் வந்து பாக்கணும்.

இப்ப ஜூனியர் பொண்ணுங்க நிறைய பேர் பிரமோஷன் லெட்டரை வாட்ஸப்புல அனுப்பி "ஓகேவா மேம்?"னு கேக்கறாங்க. எல்லாரும் சம்பளத்தைத்தான் பாக்கறாங்க. நான் முதல்ல தேடறது நீங்க யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும்ங்கற அந்த ஒத்த வரியை. அங்க பிசினஸ் ஹெட் பேரோ சேல்ஸ் டைரக்டர் பேரோ இருந்துச்சுன்னா, உங்களுக்குக் கிடைச்சிருக்கறது நாற்காலி மட்டும்தான், அதிகாரம் வேற யார்கிட்டயோ இருக்கு.

இது என் சொந்த அபிப்பிராயம்னு நினைச்சுக்காதீங்க. சீஃப் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் எப்படி இருக்கணும்னு ஆர்பிஐ 2020 செப்டம்பர்லயே பேங்குகளுக்குத் தெளிவா எழுதிடுச்சு, 2022 ஏப்ரல்ல பெரிய என்பிஎஃப்சிகளுக்கும், அதாவது பேங்க் இல்லாத ஃபைனான்ஸ் கம்பெனிகள்ல ஆர்பிஐ அப்பர் லேயர், மிடில் லேயர்னு பிரிச்சு வெச்சிருக்கறவங்களுக்கும் அதே மாதிரி வந்துச்சு. சாரம் என்னன்னா, குறைஞ்சது 3 வருஷம் பதவிக் காலம், நடுவுல தூக்கணும்னா போர்டோ போர்டு கமிட்டியோ முன்கூட்டியே அப்ரூவ் பண்ணணும், பிசினஸ் டார்கெட் கொடுக்கவே கூடாது, பிசினஸ் ஆட்களுக்குக் கீழ ரிப்போர்ட்டிங் வைக்கக் கூடாது. எம்டிக்கு ரிப்போர்ட் பண்ற மாதிரி இருந்தா போர்டு கமிட்டி 3 மாசத்துக்கு ஒரு தடவை எம்டி உட்பட யாரும் கூட இல்லாம உங்களைத் தனியா கூப்பிட்டுப் பேசணும். கடைசியா சொன்ன இந்த மீட்டிங்கைத்தான் சில இடத்துல மினிட்ஸ்ல மட்டும் நடத்துவாங்க, ஆடிட் கமிட்டி முடிஞ்சு எல்லாரும் டிஃபனுக்கு எழுந்திரிக்கும்போது "எல்லாம் ஓகேதானே மேடம்"னு ஒரு கேள்வி, நாம தலையாட்டினா மீட்டிங் நடந்ததா எழுதிக்குவாங்க. தலையாட்டாதீங்க. பத்து நிமிஷம் கேளுங்க, உக்காந்து பேசுங்க, சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லாத குவார்ட்டர்லயும் பேசுங்க, ஏன்னா பழக்கமே இல்லாம திடீர்னு ஒரு நாள் கதவைத் தட்டினா அன்னிக்கு ஆபீஸ் முழுக்க பத்திக்கும்.

சரி, அதிகாரம் இல்லன்னா என்ன ஆகும்? மாசக் கடைசியில தெரியும். சவுகார்பேட்டை பக்கம் ஒரு பார்ட்னர்ஷிப் ஃபர்ம், லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, ஆனா 10 சதவீதத்துக்கு மேல பங்கு இருக்கிற ஒரு பார்ட்னரோட கேஒய்சி, அதாவது அவர் யாருன்னு காட்டற அடையாள பேப்பர், மட்டும் வரல. அவரும் பெனிஃபிஷியல் ஓனர்தான், அதாவது ஃபர்மோட நிஜமான சொந்தக்காரங்கள்ல ஒருத்தர், அவர் யாருன்னு சரிபார்க்காம பணத்தை விட முடியாது. மாசம் முழுக்க மேடமா இருந்த நான் 30ஆம் தேதி சாயங்காலம் "ஏம்மா" ஆயிடுவேன். "ஏம்மா, பழைய பார்ட்டி, அவங்க அப்பா காலத்துலேர்ந்து தெரியும், ஒரு பார்ட்னர் ஊர்ல இல்ல, திங்கக்கிழமை பேப்பர் டேபிளுக்கு வந்துடும், நம்ம வீட்டுப் பொண்ணா நினைச்சுதான் சொல்றேன், கொஞ்சம் பிராக்டிகலா இரும்மா." இதுக்கு சண்டையே போட வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். "சார், இதையே ஒரு மெயிலா போட்டுடுங்க, நான் மெயில்லயே பதில் தர்றேன்." அவ்வளவுதான். பெரும்பாலும் அந்த மெயில் வரவே வராது, பேப்பர்தான் வரும், ஊர்ல இல்லாத பார்ட்னர் மறுநாள் காலையில கரெக்டா ஊருக்கு வந்திருப்பாரு!

மெயில் வந்துடுச்சுன்னாலும் நல்லதுதான். "முடியாது"ன்னு மட்டும் எழுதி நிறுத்தாம எந்த பேப்பர் வந்தா முடியும், அது வரைக்கும் என்ன பண்ணலாம்னு சேர்த்து எழுதிடுங்க. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல ஃபைலைத் திறக்கறவங்களுக்கு யார் என்ன கேட்டாங்க, யார் என்ன சொன்னாங்கன்னு நீங்க வாயைத் திறக்காமலே புரியும்.

இந்த சீட்டுக்கு வர்ற வழி பத்தியும் கொஞ்சம் சொல்லணும். இன்னிக்கு ஓஎம்ஆர்ல வெளிநாட்டு பேங்குகளோட சென்டர்கள்ல கேஒய்சி, நேம் ஸ்க்ரீனிங் (கஸ்டமர் பேர் தடைப் பட்டியல்ல இருக்கான்னு பாக்கறது) பண்ற பொண்ணுங்க எவ்வளவோ பேர், நைட் ஷிஃப்ட், கேப், ஒரு நாளைக்கு இத்தனை அலெர்ட்னு எண்ணிக்கை வேற. "இது வெறும் டேட்டா என்ட்ரி மேம்"னு அவங்களே அலுத்துக்கறாங்க. அப்படி இல்லம்மா. எஸ். லட்சுமிங்கற ஒரே அம்மா பேன் கார்டுல லட்சுமி சுப்ரமணியன், ஆதார்ல லட்சுமி எஸ், பழைய பாஸ்புக்ல வீட்டுக்காரர் பேரோட லட்சுமி ராஜேந்திரன்னு இருப்பாங்க, சிஸ்டம் மூணு பேர்னு சொல்லும், நமக்கு ஒரே ஆள்னு பார்த்ததும் தெரியும், ஆனா தெரிஞ்சா மட்டும் போதாது, எதை வெச்சு ஒரே ஆள்னு முடிவு பண்ணோம்னு அந்த அலெர்ட்லயே எழுதி மூடணும். காரணம் எழுதி மூடற அந்த பழக்கம்தான் பின்னாடி ஹெட் சீட்ல உக்கார வைக்கும். கூடவே பேங்க்காரங்களுக்குப் பரீட்சை வைக்கற ஐஐபிஎஃப் நடத்தற ஏஎம்எல் (கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கறதைத் தடுக்கறது) கேஒய்சி பரீட்சையை முடிச்சிடுங்க, ஷேர் மார்க்கெட் பக்கம் போறவங்களுக்கு அந்தத் துறைக்குப் பரீட்சை நடத்தற என்ஐஎஸ்எம்ல கம்ப்ளையன்ஸுக்குனே தனி பேப்பர் இருக்கு. சர்டிஃபிகேட் வேலை வாங்கித் தராது, இன்டர்வியூ வரைக்கும் கொண்டு போய் விடும்.

ரூல் போடற பக்கமும் பெண்கள் ஒண்ணும் புதுசில்ல. கே.ஜே. உதேஷி 2003ல ஆர்பிஐயோட முதல் பெண் டெபுடி கவர்னர் ஆனாங்க, அப்புறம் ஷ்யாமளா கோபிநாத், உஷா தோரட் வந்தாங்க. 2022ல ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கற செபிக்கு முதல் பெண் தலைவரா மாதவி புரி புச் வந்தாங்க. இதுக்கு அப்புறமும் லேடீஸுக்கு ஏத்த சாஃப்ட்டான வேலைனு சொல்றவங்களை நான் திருத்தப் போறதில்ல.

அடுத்தது இந்த "கூடவே" வியாதி. கம்ப்ளையன்ஸ் ஹெட், கூடவே கம்பெனி செக்ரட்டரி வேலையைக் கொஞ்சம் பாருங்க, கூடவே பாலியல் தொல்லை புகாரை விசாரிக்கற போஷ் கமிட்டி, கூடவே மகளிர் தின விழா, கூடவே ஹெச்ஆர் பாலிசி. ஆம்பளை அந்த சீட்ல இருந்தா கோலப்போட்டிக்கு ஜட்ஜ் யாருன்னு அவர்கிட்ட கேக்க மாட்டாங்க. இதுல எரிச்சல் தர்றது வேற, ஆபத்தானது வேற, ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க. விழா நடத்தறது வெறும் எரிச்சல். ஆனா கிரெடிட் கமிட்டியில ஓட்டுப் போடற மெம்பரா உக்கார வைக்கறது ஆபத்து, நீங்களே அப்ரூவ் பண்ணதை நாளைக்கு நீங்களே எப்படி செக் பண்ணுவீங்க? ஆலோசனை சொல்றவங்களா உக்காருங்க, முடிவு எடுக்கறவங்களா வேண்டாம்.

பிரின்சிபல் ஆபீசர், அதாவது சந்தேகமான பணப் புழக்கத்தை அரசுக்கு ரிப்போர்ட் பண்றவர், அந்தப் பொறுப்பையும் சேர்த்துத் தந்தா இன்னும் உஷாரா இருக்கணும். அந்தப் பேர் டெல்லியில இருக்கிற ஃபைனான்ஷியல் இன்டெலிஜென்ஸ் யூனிட்டுக்கு (எஃப்ஐயூ) போகுது. சந்தேகப்படற டிரான்சாக்‌ஷன்னு முடிவு பண்ணின உடனே எஸ்டிஆர்ங்கற ரிப்போர்ட் போகணும், மாசத்துக்கு 10 லட்சத்துக்கு மேல ரொக்கம் புழங்கின கணக்கு அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள சிடிஆர்ங்கற ரொக்க ரிப்போர்ட்ல போகணும். தவறினா கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கறதைத் தடுக்கற பிஎம்எல்ஏ சட்டத்தோட 13ஆவது பிரிவுல ஒவ்வொரு தவறுக்கும் 10,000லேர்ந்து 1 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம், அதை கம்பெனி மேல மட்டும் இல்ல, டெசிக்னேட்டட் டைரக்டர் (இந்தச் சட்டத்துக்குப் பொறுப்பா கம்பெனி நியமிக்கற டைரக்டர்) மேலயோ ஊழியர் மேலயோ கூடப் போடலாம்னு சட்டத்துலயே இருக்கு. பிரின்சிபல் ஆபீசரும் டெசிக்னேட்டட் டைரக்டரும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு ஆர்பிஐ விதி, லெட்டர்ல ரெண்டையும் உங்க தலையில கட்டியிருந்தா அப்பவே திருப்பி அனுப்புங்க. இன்னொண்ணு, எஸ்டிஆர் போட்டோம்ங்கறது அந்த கஸ்டமருக்குக் கசியவே கூடாது. பிராஞ்ச் மேனேஜர் கேட்டாலும், கஸ்டமர் நம்ம தெருவுல இருக்கிற மளிகைக்கடை அண்ணாச்சியா இருந்து வீட்ல யாராவது விசாரிச்சாலும், வழக்கம் போல சிரிச்சுப் பேசிட்டு நகர்ந்துடணும்.

லெட்டர் வாங்கும்போது கம்பெனியோட டி அண்ட் ஓ இன்சூரன்ஸ்ல, அதாவது டைரக்டர்கள், அதிகாரிகள் மேல கேஸ் வந்தா காப்பாத்தற பாலிசியில, உங்க பதவியும் வருதான்னு கேளுங்க, சில பாலிசி டைரக்டர்களோட நின்னுடும். பிரசவ லீவு வரும்னு தெரிஞ்சா உங்க இடத்துல யார் கையெழுத்து போடுவாங்கன்னு போர்டு லெவல்லயே எழுத்துல வாங்கிடுங்க, வீட்ல குழந்தையைத் தூங்க வெச்சிட்டு ஓடிபி சொல்ற நிலைமை வேண்டாம். வேலையை விடும்போதும் இதே கதைதான், ஃபேர்வெல் கேக் வெட்டிட்டுப் போயிட்டா உங்க பேர் தானா மாறாது. புது பிரின்சிபல் ஆபீசர் பேரை எஃப்ஐயூவுக்கும் ஆர்பிஐக்கும் தெரிவிச்சாச்சுன்னு அக்னாலெட்ஜ்மென்ட் காப்பி கைக்கு வந்த பிறகு ஐடி கார்டைக் கொடுங்க.