கரையில் ஒரு டர்ன் பொறுங்கள்: சிவிலைசேஷன் 4-இல் கடல் தாண்டிப் போர்

சிவிலைசேஷன் 4 என்ற கம்ப்யூட்டர் வியூக விளையாட்டில் எல்லையை ஒட்டி இருப்பவனை அடிப்பது ஒரு மாதிரி, கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனை அடிப்பது முழுக்க வேறு மாதிரி. நம்மிடம் ரைஃபிள்மேன் என்ற துப்பாக்கி வீரன் வந்துவிட்டான், எதிரி இன்னும் லாங்போ வில்லோடு உட்கார்ந்திருக்கிறான், அப்புறம் என்ன யோசனை என்று நாலு கப்பலில் ஆளை ஏற்றி, கப்பலிலிருந்தே நேராக நகரத்தின் மேல் ஏவிவிடுகிறோம். முக்கால்வாசிப் படை அங்கேயே காலி. வில்லுக்காரனிடம் துப்பாக்கி தோற்பதா, கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது என்று திட்டத் தோன்றும். ஆனால் அது ஏமாற்றவில்லை. 2005-இல் வந்த இந்த ஆட்டத்தின் முக்கியமான நிரல் பகுதியை ஃபிராக்ஸிஸ் நிறுவனமே பிறகு வெளியிட்டுவிட்டதால், சண்டை எப்படித் தீர்மானமாகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

அது இப்படி நடக்கிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது ஒவ்வொரு படைப்பிரிவுக்கும், 100 உயிர்ப்புள்ளிகள். சண்டை பல சுற்றுகளாக நடக்கும், ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஒருவர்தான் அடி வாங்குவார். யார் என்பது இருவரின் பலத்தைப் பொறுத்தது: உங்கள் பலத்தை இருவரின் கூட்டுப் பலத்தால் வகுத்தால் வருவதுதான் அந்தச் சுற்றில் உங்கள் வாய்ப்பு. சம பலம் என்றால் பாதிக்குப் பாதி, ஓர் அடிக்கு 20 புள்ளி போகும், ஐந்து அடி வாங்கியவர் அவுட். இதுவரை சாதாரணம். ஆனால் பலம் கூடினால் இரண்டு விஷயம் சேர்ந்து மாறுகிறது. அடி விழும் வாய்ப்பும் கூடுகிறது, ஒவ்வோர் அடியின் கனமும் கூடுகிறது. ஒருவர் மற்றவரைவிட இரண்டு மடங்கு பலம் என்றால், வலியவர் நாலு அடி அடித்தால் போதும், எளியவர் எட்டு அடி அடிக்க வேண்டும், அதுவும் மூன்று சுற்றுக்கு ஒரு தடவைதான் அவருக்கு வாய்க்கும். கணக்குப் போட்டால் வலியவர் ஜெயிக்கும் வாய்ப்பு 99 சதவீதம். இரண்டு மடங்கு பலம் என்றால் மூன்றில் இரண்டு தடவை ஜெயிக்கலாம் என்று நினைப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பலத்தில் இருக்கும் சின்ன வித்தியாசத்தை, பல சுற்றுச் சண்டை முடிவில் பெரிய வித்தியாசமாக ஊதிவிடுகிறது.

சரி, இப்போது கரைக்கு வருவோம். ரைஃபிள்மேனின் பலம் 14, லாங்போவின் பலம் 6. காகிதத்தில் பார்த்தால் சண்டையே இல்லை. ஆனால் லாங்போ நகரத்துக்குள் இருந்தால் 25 சதவீதம் கூடுதல், நகராமல் சில டர்ன் (ஆட்ட முறை) உட்கார்ந்திருந்தால் இன்னொரு 25, நகரத்தின் கலாச்சாரம் வளர்ந்ததால் கிடைக்கும் கலாச்சாரத் தற்காப்பு 40 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 90 சதவீதம் ஏறி, 6 என்பது 11.4 ஆகிவிடுகிறது. இதற்கு மேல், கப்பலில் இருந்தபடியே தாக்கினால் 50 சதவீத அபராதம் உண்டு. இந்த அபராதத்தை ஆட்டம் உங்கள் பலத்திலிருந்து கழிப்பதில்லை, எதிரியின் பலத்தில் கூட்டுகிறது. ஆக 6-க்கு 140 சதவீதம் ஏறி 14.4. ஒரு யுகம் முன்னால் போய் நீங்கள் சம்பாதித்த அனுகூலம் முழுக்கக் கடல்நீரோடு போச்சு.

14-க்கு 14.4 என்றால் கிட்டத்தட்ட சமம்தானே என்று கேட்கலாம். அங்கே இன்னொரு குசும்பு இருக்கிறது. ஓர் அடியின் அளவை ஆட்டம் முழு எண்ணாக வெட்டிவிடும். உங்கள் அடி 19.7 என்று வரும், அது 19 ஆகிவிடும். ஐந்து அடி அடித்தாலும் 95தான், எதிரிக்கு 5 புள்ளி மிச்சம், ஆறாவது அடி தேவை. அவனுக்கோ ஐந்தே அடி போதும். அதனால் வெற்றி வாய்ப்பு பாதிகூட இல்லை, சுமார் 36 சதவீதம். லாங்போவுக்கு இருக்கும் முதலடி வாய்ப்பை (திருப்பி அடி வாங்காமல் முதலில் அடிக்கும் சலுகை) இதில் நான் சேர்க்கவே இல்லை, சேர்த்தால் இன்னும் இறங்கும்.

அதே ஆட்களை வரைபடத்தில் நகரத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் இறக்கிவிட்டு, அடுத்த டர்னில், நடுவே ஆறு இல்லாத பக்கமாகத் தாக்கினால் அந்த 50 இல்லை. 14-க்கு 11.4, வாய்ப்பு 74 சதவீதம். அதோடு ஃப்ரிகேட் போர்க்கப்பல்களை வைத்து நகரத்தின் கலாச்சாரத் தற்காப்பை அடித்து நொறுக்கிவிட்டால் எதிரி 9-க்கு இறங்குவான், உங்கள் வாய்ப்பு 91. அதே படை, அதே எதிரி. மாறியது ஓரிரு டர்ன் பொறுமை மட்டும்தான்.

பொறுமைக்கும் விலை உண்டு. ஒரே நகர்வு உள்ள காலாட்படையும் பீரங்கியும் கரையில் இறங்கியதும் அந்த டர்ன் முடிந்தது, அடுத்த அடி எதிரியுடையது. அவன் கேட்டபல்ட் என்ற கல்லெறி இயந்திரத்தை உங்கள் கும்பலின் மேல் மோதவிட்டால் ஒரே மோதலில் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் காயம். அதனால் இறங்கும் இடம் முக்கியம்: குன்று என்றால் 25, காடு என்றால் 50, காடு மூடிய குன்று கிடைத்தால் 75 சதவீதத் தற்காப்பு. நகரத்தை ஒட்டி அப்படி ஒரு கட்டம் இல்லை என்றால் நான் வேறு நகரத்தைத்தான் தேடுவேன். இரண்டு நகரங்களை ஒரே நேரத்தில் மிரட்டக்கூடிய கட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது, எதை முதலில் காப்பது என்று எதிரி படையைப் பிரிப்பான்.

எத்தனை கப்பல் என்பதுதான் அடுத்த கேள்வி, பெரும்பாலான படையெடுப்புகள் சாவதும் இங்கேதான். கேலியன் என்ற ஆளேற்றும் கப்பல் ஒன்றில் மூன்று யூனிட், டர்னுக்கு நாலு கட்டம். எதிரிக் கரை 20 கட்டம் தள்ளி என்றால் போக 5 டர்ன், திரும்ப 5. பன்னிரண்டு யூனிட்டை இரண்டு கேலியனில் இரண்டு தவணையாக அனுப்பினால், முதல் ஆறு பேர் பத்து டர்ன் தனியாகச் சமாளிக்க வேண்டும். அதற்குள் எதிரி தன் சாலைகளில் எல்லா நகரங்களிலிருந்தும் ஆள் கொண்டுவந்துவிடுவான். போர் முடியும்வரை அந்தச் சாலைகள் அவனுக்கு மட்டும்தான் சாலை, உங்களுக்கு வெறும் தரை. நாலு கேலியன் கட்டி ஒரே தடவையில் போவதற்குச் செலவு கூடத்தான், ஆனால் அதில் கஞ்சத்தனம் செய்பவர்கள் இரண்டு படைகளைத் தனித்தனியாகத் தோற்கிறார்கள். உலகை முதலில் சுற்றி வந்தவருக்குக் கப்பல் வேகம் ஒரு கட்டம் கூடும், அந்த 5 டர்ன் 4 ஆகும். அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அது பாதி அதிசயக் கட்டடங்களைவிட மேல்.

துணைக்கப்பல் இல்லாமல் மட்டும் போகாதீர்கள். கேலியனின் பலம் 4, ஃப்ரிகேட்டின் பலம் 8. மேலே சொன்ன இரண்டு மடங்குக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? நடுக்கடலில் எதிரி ஃப்ரிகேட் கண்ணில் பட்டால் நூற்றுக்கு 99 தடவை கேலியன் மூழ்கும், உள்ளே இருக்கும் மூன்று யூனிட்டும் ஒரு குண்டுகூடச் சுடாமல் போய்விடும். ஒரே கட்டத்தில் உங்கள் ஃப்ரிகேட்டும் நின்றால் தற்காப்புக்கு அதுதான் முன்னால் வரும்.

போர் அறிவிக்கும் நேரத்தையும் கவனியுங்கள். கப்பல்களை எதிரியின் எல்லைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, அங்கிருந்து கரை ஒரே டர்னில் எட்டும் தூரம்தானா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு அறிவித்து, அதே டர்னில் இறங்க வேண்டும். முன்பே எல்லைக்குள் நுழைந்து நின்றுகொண்டு அறிவித்தால் ஆட்டமே உங்களை வெளியே தூக்கி வைத்துவிடும்.

முதல் இலக்கு கடலோர நகரமாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம், அது கைக்கு வந்ததும் கப்பல்கள் உள்ளேயே வந்து ஆளை இறக்கலாம், அபராதம் இல்லை, வெட்டவெளியில் நின்று அடி வாங்குவதும் இல்லை. அதன்பின் அது தரைப்போர்தான். பியாண்ட் த ஸ்வோர்ட் விரிவாக்கத்தில் தொல்லை வேறு பக்கம் வரும்: தலைநகர் இல்லாத கண்டத்தில் நகரங்கள் கூடக்கூடக் காலனிப் பராமரிப்புச் செலவு ஏறிக்கொண்டே போகும். கஜானா தாங்கவில்லை என்றால் பிடித்த நகரங்களைத் தனி நாடாகப் பிரித்து உங்களுக்குக் கீழ்ப்பட்ட அரசாக விட்டுவிடலாம், அல்லது கடலோரத்தில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு தொழில்நுட்பத்தைப் பிடுங்கிக்கொண்டு சமாதானம் பேசலாம். நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்வேன்.