குறுக்குக் கட்டம் காட்டிக்கொடுக்கும் விதம்

லண்டன் டைம்ஸ் நாளிதழ் வெளியிடும் ‘ஜம்போ’ குறுக்கெழுத்தைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “குறுக்கே 23, நெடுக்கே 23 என்று 529 கட்டங்கள். குறிப்புகளோ நேராகப் பொருள் சொல்லாமல் பூடகமாகப் பேசுகின்றன. இதை முடிப்பவருக்கு அகராதி முழுவதும் மனப்பாடமா?”

இல்லை. அகராதி அறிவும் வேண்டும்தான். ஆனால் பெரும்பகுதி வேலையைச் செய்வது புதிரின் அமைப்பு. தமிழ்ப் புதிர் ஒன்றின் மூலையைக் கற்பனை செய்து கொண்டால் இது எளிதில் விளங்கும்.

பூடகக் குறிப்பு ஒன்றே விடையை இருமுறை சொல்கிறது. ஒரு முனையில் விடையின் பொருள் இருக்கும். மிச்சப் பகுதி அதே விடையை எழுத்துகளால் கட்டிக் காட்டும். “கம்பன் தலைமையில் விதை ஊன்றக் கிடைத்த பாட்டு (3)” என்ற குறிப்பில், அடைப்பிலுள்ள எண் விடையின் எழுத்துக் கணக்கு; கம்பனின் தலையெழுத்து ‘க’. அதை அடுத்து ‘விதை’ வர, ‘கவிதை’ கிடைக்கிறது. ‘பாட்டு’ அதன் பொருள். “தஞ்சையில் ஓங்கி நிற்பது, மீனம்பாக்கத்தில் ஓடிப் பறப்பது (4)” என்பதில் எழுத்து வித்தை எதுவும் இல்லை, இரு பொருள்கள் மட்டுமே: விமானம். சிலேடையில் பழகிய நமக்கு இது புதிதன்று.

இனி நான் மிகவும் விரும்பும் பகுதிக்கு வருகிறேன். முதல் வரிசையில் ‘விமானம்’, மூன்றாம் வரிசையில் ‘கவிதை’, இரண்டும் ஒரே ஓரத்தில் தொடங்குகின்றன. அவற்றின் இரண்டாம் கட்டங்களை இணைத்து நெடுக்காக ஒரு மூன்றெழுத்துச் சொல் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘கவிதை’ மட்டும் தெரிந்த நிலையில் அந்தச் சொல் ‘வி’யில் முடியும் என்று அறிகிறோம். எனக்கு உடனே தோன்றுபவை பத்து: அருவி, உதவி, குருவி, கருவி, பதவி, துறவி, பிறவி, தலைவி, கிழவி, மாதவி. இவற்றுள் அருவியையும் உதவியையும், வேறெந்தக் குறிப்பையும் படிக்காமலே, அடித்துவிடலாம். ஏனென்றால் இச்சொல்லின் முதல் கட்டம் மேல் வரிசைச் சொல்லுக்கு இரண்டாவது கட்டம். அளபெடையை விட்டால், தமிழ்ச் சொல்லின் நடுவில் உயிரெழுத்து தனித்து வருவதில்லை. மீதம் எட்டு. ‘விமானம்’ விழுந்ததும் முதல் கட்டத்தில் ‘மா’ அமர்கிறது. எட்டில் மாதவி ஒருத்தியே நிற்கிறாள். அதன் பிறகு குறிப்பைப் படித்தால், “புகாரின் ஆடல் நங்கை விதமா திரும்பினாள் (3)” என்று இருக்கிறது. ‘விதமா’ என்பதைப் பின்னிருந்து எழுதினால் மாதவி. மூன்று தனித்தனி வழிகளில் வந்து ஒரே இடத்தில் சேர்ந்ததால் இந்த விடையைப் பேனாவாலேயே எழுதலாம்.

அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாடு ஷானன் 1948-இல் வெளியிட்ட தகவல் கோட்பாட்டுக் கட்டுரை இதை அளக்கும் கோலைத் தந்தது. சம வாய்ப்புள்ள சாத்தியங்களைப் பாதியாகக் குறைக்கும் செய்தி ஒரு ‘பிட்’. எட்டை நான்காகவும், நான்கை இரண்டாகவும், இரண்டை ஒன்றாகவும் குறைத்த ‘மா’ நமக்கு மூன்று பிட் கொடுத்திருக்கிறது. அதே கட்டுரையில் ஷானன் குறுக்கெழுத்தைப் பற்றியும் எழுதினார். ஒரு மொழியில் எந்த எழுத்துக்குப் பின்னும் எந்த எழுத்தும் வரலாம் என்றால், கட்டங்களை எப்படி நிரப்பினாலும் குறுக்கெழுத்தாகிவிடும். கட்டுப்பாடுகள் மிகுந்துவிட்டால் பெரிய குறுக்கெழுத்தை அமைக்கவே முடியாது. ஆங்கிலத்தின் மிகைமை, அதாவது மொழியின் கட்டுப்பாடுகளாலேயே முடிவாகிவிடும் பங்கு, சுமார் 50 விழுக்காடு என்று கணக்கிட்ட அவர், பெரிய குறுக்கெழுத்துகள் அந்த அளவில்தான் சாத்தியமாகின்றன என்றார். அது 33 விழுக்காடாக இருந்தால் முப்பரிமாணக் குறுக்கெழுத்தே அமைக்கலாமாம். சற்றுக் கிழிந்த கியூஆர் குறியீட்டைக் கைப்பேசி பிழையின்றிப் படிப்பதும் இத்தகைய மிகைமையால்தான்.

தமிழின் மிகைமையோ இலக்கணமாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே விமானத்தின் கடைசிக் கட்டமான ‘ம்’-இலிருந்து நெடுக்காக எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது, புதிர் அமைப்பவர் அதன் கீழே கறுப்புக் கட்டம் வைக்க வேண்டும். க், ச், த், ப் என்ற நான்கு மெய்களும் தம்மோடு தாம் மட்டுமே மயங்கும், அதாவது அடுத்தடுத்து நிற்கும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. இரு சொற்கள் வெட்டிக்கொள்ளும் குறுக்குக் கட்டத்தில் ‘க்’ விழுந்தால், ‘பக்தி’, ‘சக்தி’ போன்ற வடசொல்லாக இல்லாதவரை, அடுத்து வருவது 216 உயிர்மெய்களில் ககர வரிசையின் 12-இல் ஒன்றாகவே இருக்கும். எல்லாம் சம வாய்ப்புடையவை என்று கொண்டால், அடுத்த கட்டத்தைத் தொடாமலே நான்கு பிட்டுக்குச் சற்று மேல் கைக்கு வந்துவிடுகிறது. ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் இரட்டிக்க மாட்டா. வல்லின மெய் ஆறும் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நில்லா. பள்ளியில் சலிப்போடு ஒப்பித்த மெய்ம்மயக்கத்தை, பென்சிலோடு கட்டத்தின் முன் உட்கார்ந்தபோதுதான் நான் முதன்முதலாக ரசித்தேன்.

எழுத்து மயக்கத்தையும், எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்பதையும் அளப்பது ஏட்டுப் பண்டிதம் என்று ஒதுக்கத்தக்க வேலை அன்று; கைப்பேசி விசைப்பலகை அடுத்த எழுத்தை ஊகிப்பதற்கும், அச்செழுத்துகளைக் கணினி படிப்பதற்கும் இதே அளவைகள் வேண்டும். தமிழுக்கென ஒதுக்கப்படும் ஆராய்ச்சிப் பணத்தில் விழா மேடைகளுக்கு முன்பாக இவ்வகை அளவீட்டுக்குப் பங்கு கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெரிய புதிரில் இறங்குபவர் முதல் குறிப்பிலேயே முட்டிக்கொண்டு நிற்பதில்லை. எங்கே எளிய குறிப்பு அகப்படுகிறதோ அங்கே தொடங்கி, விழுந்த எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சொற்களுக்கு நகர்கிறார். கட்டம் பெரிதாக இருந்தால் அப்படித் தொடங்குவதற்கான இடங்களும் மிகுதி. வாசகர் முயல ஒரு குறிப்பு. நடுக்கட்டத்தில் ‘ம’ ஏற்கெனவே விழுந்திருக்கிறது: “மணக்கத் தொடங்கித் தாரையுள் புகுந்த குளத்து மலர் (3)”.