குறியீடு 92-இல் தொலையும் உழைப்பு

விடிவதற்குள் இரண்டு மாட்டிலும் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, களை பறிக்கப் போய், திரும்பும்போது புல்லுக்கட்டும் சுமந்து வருகிறார் ஒரு பெண். அவர் வயலில் இருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர் கணவரிடம் கேட்கிறார்: “உங்க வீட்டம்மா வேலைக்குப் போறாங்களா?” “இல்லைங்க, வீட்டுலதான் இருக்காங்க.” படிவத்தில் 92 விழுகிறது.

இந்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 92 என்றால் ‘வீட்டுவேலை மட்டும்’. விறகு, தீவனம் சேகரிப்பது போன்றவற்றையும் சேர்த்துச் செய்தால் 93. இரண்டுமே உழைப்பாளர் பட்டியலுக்கு வெளியே. அதே பெண் மாடு வளர்ப்பதை யாராவது விசாரித்திருந்தால், குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுபவர் என்று 21-இலோ, தொழிலை அவரே நடத்தினால் 11-இலோ வந்திருப்பார். விதி அவருக்கு எதிராக இல்லை. ஆண்டில் 30 நாள் செய்த துணைத்தொழிலும் கணக்கில் சேரும். வாராந்திரக் கணக்கில், ஏழு நாட்களில் ஏதோ ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே போதும். வீட்டுத் தேவைக்கு மட்டும் நெல் விளைவித்தாலும் அது உழைப்புதான். கேட்கும் விதத்தில்தான் எல்லாம் தொலைகிறது. ‘வேலைக்குப் போறாங்களா’ என்றால் பதில் சொல்பவர் மனதில் வருவது சம்பளமும் கூலியும்தான். மாடும் ஆடும் அங்கே நினைவுக்கே வராது.

விதியிலும் ஓட்டை உண்டு. விளைந்த நெல்லை வீட்டுச் சாப்பாட்டுக்காக அவித்துக் காயவைத்துப் புடைத்தால், இதே கணக்கெடுப்பின் வரையறையில் அது உழைப்பு ஆகாது.

இந்த எண்கள் வெறும் புள்ளிவிவரமாக நின்றுவிடுவதில்லை. கிராமப்புறப் பெண் உழைப்பாளர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விவசாயத்தில் இருக்கிறார்கள். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடிக் கைப்பற்றுகளில் (ஒருவர் பயிர் செய்யும் நிலத் தொகுதிகளில்) பெண்கள் பெயரில் இருப்பவை 14 விழுக்காடுதான். பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வாங்க, 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிலவரப்படி நிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அதன்பின் கைமாறிய நிலத்தில் வாரிசுரிமைக்கு மட்டுமே விலக்கு. பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர்ப் பதிவு) கேட்கிறார்கள். வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்பவர் அடங்கலில் தன் பெயர் ஏற்றச் சொல்லி வி.ஏ.ஓ. முன் நின்றால், நில உரிமையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். 2007-ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை குத்தகைதாரரையும் விவசாயக் கூலியையும் விவசாயி என்றே வரையறுத்தது. ஆனால் பணம் போய்ச் சேர்வது பட்டாவைப் பார்த்துத்தான். 1892-க்குப் பின் தலித்துகளுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்ட நிலையில், தலித் பெண்ணுக்குக் கணவர் பெயரில்கூடப் பட்டா இருப்பது அரிது. ஆகவே ‘பெண் விவசாயி’ என்று தனித் திட்டம் போட்டாலும், நிலம் வைத்திருக்கும் சாதிப் பெண்ணுக்குத்தான் அது முதலில் எட்டும்.

நேரடியாகப் பெண்களுக்கே போகும் திட்டத்திலும் விடுபடுபவர்கள் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் வருகிறது. கணவர் கைவிட்டு, தாய் வீட்டுக் கார்டிலேயே இருக்கும் மகளும் அவர் தாயும் அந்த ஒரு பங்கைத்தான் பகிர வேண்டும். கார்டே இல்லாத இருளர் பழங்குடிக் குடும்பத்துக்கு அதுவும் இல்லை.

கள ஆய்வு செய்யும் அமைப்புகள் இதே தவறுகளைச் சிறிய அளவில் திரும்பச் செய்வதுதான் வருத்தம் தருகிறது. முதல் தவறு பட்டியலில். ரேஷன் பட்டியலையோ வாக்காளர் பட்டியலையோ அடிப்படையாக வைத்து வீடுகளைத் தேர்ந்தெடுத்தால், காகிதம் இல்லாதவர்கள் தொடக்கத்திலேயே விழுந்துவிடுவார்கள். ஊர்த்தெரு, காலனி, ஏரிக்கரையில் தள்ளி இருக்கும் குடிசைகள் எல்லாவற்றையும் கால்நடையாகச் சுற்றி, புதிதாக வீட்டுப் பட்டியல் எழுத வேண்டும். பருவமும் முக்கியம். தை பிறந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விடும் இருளர்களைப் பங்குனியில் தேடினால் பூட்டிய குடிசைதான் இருக்கும். அவற்றை ‘ஆள் இல்லை’ என்று விட்டுவிட்டு அடுத்த வீட்டை எடுப்பது பெரும்பிழை. சூளைக்கே போக வேண்டும், அல்லது மழைக்காலத்தில் ஆய்வை நடத்த வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. 300 வீட்டு மாதிரியில் இருளர் வீடு 10 வந்தால், ஒரு வீட்டின் பதில் மாறினாலே விழுக்காடு பத்துப் புள்ளி நகரும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதால் அறிக்கையில் ‘பிற’ என்று கலந்துவிடுகிறார்கள். இங்கே வேண்டுமென்றே 60 வீடு எடுக்கலாம். மொத்தச் சராசரி போடும்போது அந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறில் ஒரு பங்கு எடை கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். இது கூடுதலாகச் சில நாள் உழைப்புதான். செலவைக் காட்டித் தவிர்ப்பதை ஏற்க முடியாது.

கேள்வியை அந்தப் பெண்ணிடமே, அவர் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும். காலை பத்து மணிக்குப் போனால் அவர் வயலிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார். மாலை ஆறு மணிக்கு அடுப்படியில். எந்த நேரம் தோது என்று முதல் நாளே அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஊர்த்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலனியிலிருந்து ஆட்களை அழைத்துவரச் செய்தால், கூலி எவ்வளவு என்ற கேள்விக்கு உண்மை வராது. கூலி கொடுப்பவர் பக்கத்துத் திண்ணையில் இருப்பார்.

‘என்ன வேலை’ என்று கேட்பதை விட்டு, நேற்று எழுந்தது முதல் படுத்தது வரை அரை மணி அரை மணியாகக் கேளுங்கள். 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு காலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை இப்படித்தான் பதிந்தது. ஒரே அரை மணியில் மூன்று வேலை வரை எழுத இடமும் வைத்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உலை வைக்கும் பெண்ணின் பொழுது அப்போதுதான் காகிதத்தில் ஏறுகிறது. கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம் என்று அதில் தெரியவந்தது. மாடு, ஆடு, விறகு, தண்ணீர், புல், கூடை முடைதல் என்று பெயர் சொல்லி ஒவ்வொன்றாக நினைவூட்டவும் மறக்காதீர்கள்.

கடைசியாக அட்டவணை. பெண் தனி, பட்டியல் சாதி தனி என்று இரண்டு அட்டவணை போட்டால் அருந்ததியர் பெண் இரண்டிலும் கரைந்துபோவார். சாதியையும் பாலினத்தையும் ஒரே அட்டவணையில் குறுக்காக வையுங்கள். ‘பட்டியல் சாதி’ என்று நிறுத்தாமல் உட்பிரிவையும் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விழுக்காட்டுக்குப் பக்கத்தில் எத்தனை வீடு என்ற எண் இருக்க வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அதை நீக்காமல் காலியாகவே அச்சிடுங்கள், யாரை இன்னும் சந்திக்கவில்லை என்று படிப்பவருக்குத் தெரியட்டும்.