சொகுசு மோட்டார்ஹோம்: நிற்கும் நாட்களுக்கும் பில் வரும்

படுக்கை, சமையலறை, கழிவறை என்று வீடே உள்ளிருக்கும் வண்டிதான் மோட்டார்ஹோம். வாங்குவதற்கு முன் அதைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். நான் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வருவதற்குள் வாங்குபவர் கேட்டுவிடுவார்: "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" பின்பக்கம் டீசல் எஞ்சின் வைத்த பஸ் அளவு வண்டி, லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கொடுத்தாலே நல்ல வண்டி. கேட்டதும் முகம் வாடிவிடும். உண்மையில் டீசல் செலவு நம் கையில் இருக்கிறது, ஓட்டினால்தான் அது வரும். பையைக் காலி செய்வது வண்டி சும்மா நிற்கும் நாட்கள்.

முதலில் மதிப்பு இறக்கம். புது வண்டி முதல் வருடத்திலேயே விலையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழப்பது சகஜம். இதை 15, 20 வருடக் கடனில் வாங்குகிறார்கள். தவணையில் ஆரம்ப வருடங்களில் வட்டிதான் அதிகம் போகும், அசல் மெதுவாகத்தான் குறையும். வண்டியின் மதிப்போ வேகமாக இறங்கும். மூன்றாம் வருடம் விற்க நினைத்தால், விற்ற பணத்தில் கடன் அடையாமல் கையிலிருந்து போட வேண்டிய நிலை பலருக்கு வருகிறது.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்தில் மதிப்பு 40 குறைந்தால் வருடத்துக்கு 8. இன்சூரன்ஸ், நிறுத்துமிட வாடகை, பராமரிப்பு, முடங்கிய பணத்தின் வட்டி எல்லாம் சேர்த்து இன்னொரு 7. ஆக வருடத்துக்கு 15. அதில் 30 இரவுகள் தங்கினால், ஓர் இரவுக்கு வண்டி விலையில் இருநூறில் ஒரு பங்கு. 150 இரவுகள் தங்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்து, அதை அதே மாதிரி வண்டியின் ஒரு நாள் வாடகையோடு ஒப்பிடுங்கள். ஷோரூமில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

நிற்கும் வண்டிக்கு என்ன பராமரிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், அது 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மோட்டார்ஹோம் டயர் பெரும்பாலும் தேய்ந்து போவதில்லை, வயதாகித்தான் போகிறது. தரையில் படும் பட்டன் புதிது போலவே இருக்கும், பக்கச் சுவரில் மட்டும் மெல்லிய வெடிப்புகள் ஓடும். ஐந்து வருடம் ஆனதும் வருடா வருடம் டயர்க்காரரிடம் காட்ட வேண்டும், ஏழெட்டு வருடத்தில் மாற்றத் தயாராக இருக்க வேண்டும். அதுவும் லாரி டயர், ஆறு முதல் எட்டு வரை.

வீட்டுப் பகுதிக்கு மின்சாரம் தரும் பேட்டரி ஈய அமில வகை என்றால், சார்ஜ் இறங்கிய நிலையில் சில மாதங்கள் விட்டாலே வீண். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை பாதி லோடில் இரண்டு மணி நேரம் ஓட்டச் சொல்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு வாரம் பயணம் போகிறவர் இதைச் செய்வாரா?

அதனால்தான் "ஒரே ஓனர், குறைவாக ஓடியது" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எனக்கு உஷார் வந்துவிடும். காருக்கு அது சிறப்பாக இருக்கலாம். பத்து வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற மோட்டார்ஹோமுக்கு அது எச்சரிக்கை.

பழுதுகளில் எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு தண்ணீர்க் கசிவு. கூரையின் விளிம்புகளிலும், ஏசி, காற்றுத் திறப்புகளைச் சுற்றியும் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசிய சீலன்ட் பசை வெயிலில் காய்ந்து பிளக்கும். மயிரிழை அளவு பிளவு போதும். நான் உள்ளே போனதும் முதலில் மேல் அலமாரிகளைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். அப்புறம் ஸ்லைடு-அவுட் மூலைகளில், அதாவது வண்டி நின்றதும் பக்கவாட்டில் நீளும் அறையின் மூலைகளில், தரையைக் கட்டைவிரலால் அழுத்துவேன். மெத்தென்று உள்ளே போனால் அடியில் பிளைவுட் ஊறிவிட்டது. வெளிச்சுவரை ஓரத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் கொப்புளம் போல மேடு தெரியும். அந்த இடத்தில் வெளித் தகடு உள்ளிருக்கும் மரத்தை விட்டுப் பிரிந்துவிட்டது. சரிசெய்யச் சுவரையே பிரிக்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் புதிதாகப் பளபளக்கும் சீலன்ட் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

வாரண்டி விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய டீசல் வண்டியில் சேஸிஸ் என்ற அடிச்சட்டம் ஃபிரைட்லைனர், எஞ்சின் கம்மின்ஸ், கியர்பாக்ஸ் அலிசன் என்று ஆளுக்கொன்றாக இருக்கலாம். வீட்டுப் பகுதி இன்னொரு கம்பெனி, ஃபிரிட்ஜும் ஏசியும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி வாரண்டி, தனிக் கெடு. லாரி பட்டறைக்காரர் ஸ்லைடு-அவுட்டைத் தொடமாட்டார். வீட்டுப் பகுதி டெக்னீஷியன் ஏர் பிரேக் பக்கமே போகமாட்டார். சீசனில் இருவரிடமும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அந்த வாரங்களிலும் இன்சூரன்ஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எடையையும் கேளுங்கள். கல் மேடை, வாஷிங் மெஷின், மூன்று ஸ்லைடு-அவுட் என்று சொகுசு ஏற ஏற, நீங்கள் ஏற்றக்கூடிய எடை குறையும். 400 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே 400 கிலோ போய்விட்டது. எந்த எடைக்கு எந்த ஓட்டுநர் உரிமம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், முன்பணம் கட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருடத்தில் பாதி நாள் வண்டியிலேயே வாழப் போகிறவர்களை நான் தடுப்பதில்லை. மற்றவர்களிடம், வாங்க நினைக்கும் அதே ரகத்தை இரண்டு வாரம் வாடகைக்கு எடுங்கள் என்பேன். கழிவுநீர்த் தொட்டியை நீங்களே காலி செய்யுங்கள், மழையில் நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், நாலைந்து வருடம் ஓடிய வண்டியாகத் தேடுங்கள். பெரிய மதிப்பு இறக்கத்தை முதல் ஓனர் சுமந்திருப்பார். பேரத்துக்கு உட்காரும்போது டயர், பேட்டரி, கூரை சீலன்ட் மூன்றுக்கும் தேதியிட்ட பில் கேளுங்கள். பில் இல்லாத எதையும் புதிதாக மாற்றுவதற்கான செலவை விலையிலிருந்து கழித்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும்.